தறிக்காரன் கையில உடுக்கை

8 ஜூன் 2025

பொழுதோட மாரியம்மன் கோயில் மண்டபத்துல உடுக்கை வகுப்பு ஆரம்பிச்சாச்சுங்க. எனக்கு வயசு 58, பல்லடம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டறவன், பாட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கெடயாது. ஆனா மார்ச் ஏப்ரல்ல கூலி உயர்வு கேட்டு கோயமுத்தூர் திருப்பூர் ஜில்லாவுல தறிய நிறுத்திப் போட்டோமுல்ல, அப்ப ஒரு மாசம் கிட்ட பட்டறை கம்முனு கெடந்துச்சு, ராவும் பகலும் தறிச் சத்தத்துலயே பொழச்ச ஆளுக்கு அது தாங்கல, தூக்கம் புடிக்காம திண்ணைல உக்காந்து தொடையத் தட்டிக்கிட்டு இருப்பேன், அதப் பாத்துப்போட்டு பங்காளி வூட்டு அண்ணன் "ஏம்ப்பா, தட்டறதுதான் தட்டற, வந்து உடுக்கையத் தட்டு வா"ன்னு கூட்டியாந்துட்டாரு.

வந்திருக்கறவங்கள்ல கோழிப்பண்ணைக்காரர் ஒருத்தர், ரிட்டயர்டு கண்டக்டர் ஒருத்தர், பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர், பனியன் கம்பெனில செக்கிங் போற அம்மிணி ரெண்டு பேரு. வள்ளி கும்மி சொல்லித்தர்ற பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ குடுத்தப்பறம் வள்ளி கும்மிக்கு இன்னும் மவுசு ஏறிப்போச்சு, பொம்பளைங்க எல்லாம் அங்கதான் போறாங்க. இந்த ரெண்டு பேரும் இங்க வந்ததே எங்க ஆசானுக்குப் பெரும சந்தோசம். ஆசான் காங்கேயம் பக்கம், எழுபதைத் தாண்டுன ஆளு. பொன்னர் சங்கர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரோட கதை இருக்குதுல்ல, அந்த அண்ணமார் கதை பாடறவரு.

15 ஜூன்

இன்னிக்குப் பூரா எடது கைதான். வலது கை வெரல்ல அடிக்கறத ஒரு நாள்ல காமிச்சுப் போட்டாரு, அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்கறாரு. உடுக்கைக்கு ரெண்டு பக்கமும் சவ்வு, ஆட்டுச் சவ்வு, வெத்தலை மாதிரி மெல்லிசு, ரெண்டையும் நூல் கயித்துல இழுத்துக் கட்டியிருக்கும், நடுவுல இடுப்பாட்டம் சிறுத்துப் போன எடத்துல அந்தக் கயித்துங்க மேல ஒரு பட்டை சுத்தியிருக்கு. அந்தப் பட்டையோட சேத்துப் புடிச்சு அமுக்கோணும். அமுக்குனா சவ்வு விறைச்சு சத்தம் மேல ஏறும், விட்டா கீழ வரும். அடிச்சுப்போட்டு அமுக்கறது ஒரு மாதிரி, அமுக்கி வெச்சுக்கிட்டு அடிச்சு விடறது இன்னொரு மாதிரி. பேசறது எடது கை, வலது கை வாயத் தொறந்து விடறதோட செரி, அப்படீன்னாரு ஆசான்.

கயித்தப் பாத்ததும் எனக்கு நம்ம தொழில் புத்தி வந்திருச்சு. முறுக்கு பத்தலீங்க, இது சீக்கிரம் தொய்யும்னேன். ஆசான் சித்தெ நேரம் என்ன உத்துப் பாத்துட்டு "அப்ப அடுத்த தடவ நீயே நூல் கொண்டாந்துரு சாமி"ன்னாரு. இப்ப குரூப்புக்கே கயிறு சப்ளை நாந்தான்.

2 ஜூலை

காத்தும் தூத்தலும். சவ்வு ஈரத்தக் குடிச்சு தொளதொளன்னு ஆயிப்போச்சு, அடிச்சா அட்டைப்பெட்டியத் தட்டுன சத்தம். கோயில் வெளக்குகிட்ட கொஞ்சம் தள்ளிக் காமிச்சு காமிச்சு அடிச்சோம். செக்கிங் அம்மிணில ஒருத்தி ஹேர் டிரையர் கொண்டாரட்டுங்களான்னு கேட்டா, ஆசான் மொறச்சாரு, ஆனா வேண்டாம்னு சொல்லல.

20 ஜூலை

காது விசயம் எழுதியே ஆகோணும். போன வருசம் ஆஸ்பத்திரில ஆடியோகிராம்னு காது கேக்கறத அளந்து கோடு போட்டாங்க, கோடு நல்லா வந்துட்டே இருந்து 4000 ஹெர்ட்ஸ் கிட்ட, அதான் கீச்சுன்னு மேல்ச் சத்தம் வர்ற எடத்துல, பள்ளத்துல எறங்கிருச்சு. தறிச் சத்தம் மொதல்ல தின்னறது அந்த எடத்தைத்தானாம். 85 டெசிபலுக்கு மேல நாள் பூரா கேட்டா காதுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு, எங்க பட்டறைல பக்கத்துல நின்னு கத்துனாத்தான் பேசறதே கேக்கும், அப்பறம் என்னத்தச் சொல்றது.

அதனால குரூப்புல ஜால்ரா சத்தம் எனக்கு பாதிதான் கேக்குது. கண்டக்டரண்ணன்தான் ஜால்ரா, நான் அவரு கையப் பாத்துத் தாளம் புடிக்கறேன். ஆனா உடுக்கையோட அந்தக் கீழ்ச் சத்தம் இருக்குதுங்களே, அடிச்சு அமுக்கறப்ப ஊம்ம்னு எந்திரிக்குமே, அது முழுசா கேக்குது, ஒரு இழை கொறையாம. இன்னொண்ணு, அடிக்காத பக்கத்துச் சவ்வு மேல மெல்லிசா ஒரு நாண் ஓடுது, அதோட கிர்ருங்கற அதிர்வு மத்தவங்களுக்குக் காதுல, எனக்கு உள்ளங்கைல. ஊடை நூலோட குறுக்க ஓடற நாடா ஒழுங்கா ஓடுதான்னு தறிக் கட்டைல கைய வெச்சே கண்டுபுடிக்கற ஆளுங்க நாங்க, அந்தப் பழக்கம் இங்க ஒதவுது.

3 ஆகஸ்ட்

ஆடி பதினெட்டு. வூடு பூரா ஒறம்பரை. வகுப்பு இல்ல.

24 ஆகஸ்ட்

எல்லாரும் ஒண்ணா அடிச்சா தகரத்து மேல ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருக்குன்னு ஆசான் இன்னிக்கு எல்லாரையும் நிறுத்திப் போட்டாரு. உடுக்கைய வெச்சுப்போட்டு கதையக் கேளுங்கன்னுட்டு, அண்ணமாரோட அப்பன் ஆத்தா குன்னுடையாக் கவுண்டரும் தாமரையும் புள்ளையில்லாம தவிக்கற எடத்துல இருந்து பாடுனாரு. அப்பத்தான் வெளங்குச்சு, தாளத்த எண்ணக் கூடாதுங்க, பாட்டோட மூச்சு எங்க நிக்குதோ அங்க உடுக்கை வாய் தொறக்கோணும், தாமரை அழற எடத்துல கை தானா அமுக்கிப் புடிச்சுக்குது. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிச் சொல்லித்தர்ற வீடியோங்க போன்ல கெடக்குது, அதுல ஒண்ணும் நடக்காது, என்ற அபிப்பிராயம் அதுதான்.

1965ல பிரெண்டா பெக்னு ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக்கார அம்மா நம்ம ஓலப்பாளையத்துல வந்து தங்கி, இந்தக் கதைய ராத்திரி ராத்திரியா உக்காந்து டேப்புல புடிச்சாங்கன்னு ஆசான் சொன்னாரு. காங்கேயத்துக்குக் கூப்புடு தூரம், நம்மாளுங்கள்ல எத்தன பேருக்குத் தெரியும்?

14 செப்டம்பர்

போன வாரம் ஒரு சூடான பேச்சு. அண்ணமாருக்கு எதிரியான வேட்டுவ ராசா தலையூர்க் காளி வர்ற எடத்துல ஆசான் கொஞ்சம் எகத்தாளமாப் பாடுனாரு. டேங்க் ஆபரேட்டர் தம்பி வேட்டுவர் வூட்டுப் பையன், "ஏனுங்க, எங்க பக்கம் இந்தக் கதைய இப்பிடிச் சொல்ல மாட்டாங்க"ன்னு உடுக்கையக் கீழ வெச்சுட்டான். கோழிப்பண்ணைக்காரர் உடனே "கதைய மாத்தச் சொல்றியா"ன்னு எந்திரிச்சாரு. ஆசான் ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப்போட்டு, "உங்கூட்டுல எப்பிடிச் சொல்லுவாங்க கண்ணு, சொல்லு"ன்னாரு. அவன் சொன்னான், பாட்டி சொன்னதுன்னு. அந்தச் சொல்லுல காளி நல்ல வீரன், எகத்தாளத்துக்கே எடமில்ல. ஆசான் பதிலுக்கு ஒண்ணும் பேசல, டீ வந்துச்சு, குடிச்சோம். இன்னிக்கு அதே எடம் வந்தப்ப அந்த எகத்தாளத்த விட்டுப்போட்டுப் பாடுனாரு. கோழிப்பண்ணைக்காரருக்கு இன்னும் மொகம் செரியில்ல.

9 நவம்பர்

கையில வெரல் நுனி மரத்துப் போச்சு. வூட்டுல அம்மிணி, "தறில போன காது போதாதுங்களா, வெரலும் போகோணுமா"ங்குது. ஆனா நான் சாதகம் பண்றப்ப அடுப்படில இருந்து தாமரை பாட்டு கேக்குது, எனக்கு முன்னால அதுக்கு மனப்பாடம் ஆயிருச்சு. வகுப்புக்கு வா, பின்பாட்டுக்கு ஆள் வேணும்னேன். "மாட்டுக்குத் தண்ணி காட்டறது ஆருங்க, ஆசானா?"

18 ஜனவரி 2026

நேத்து, மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், பூநோம்பி ராத்திரி கோயில் முன்னால பாடுனோம், கொம்பன் பன்னிய வேட்டையாடற எடம் மட்டும். பொன்னாச்சி, அந்தக் குட்டி நாய், பன்னிகிட்டப் போற கட்டத்துல ஆசான் உடுக்கைய நிறுத்திட்டு என்னக் கண்ணால காமிச்சாரு, தனியா அடின்னு. சின்னச் சின்ன அடியா, அமுக்கம் கொஞ்சமா, நாய் பதுங்கிப் போறாப்புல அடிச்சேன். முன்வரிசைல உக்காந்திருந்த ஒரு சின்னப் பையன் அவங்க அம்மா மடில ஏறிக்கிட்டான். நல்லா இருந்துச்சுங்க. செக்கிங் அம்மிணி சின்னவ என்னவிட நல்லா அடிச்சா, அதையும் சொல்லிப் போடறேன், அவ எடது கை மணிக்கட்டு ஆசானாட்டவே திரும்புது. வயசு இருக்குது, இன்னும் பத்து வருசத்துல இந்தப் பக்கம் கதைக்கு அவளத்தான் கூப்புடுவாங்க.

படுகளம் எப்பங்க கத்துக் குடுப்பீங்கன்னு கேட்டோம். அண்ணமார் சாஞ்சு கெடக்க அவங்க தங்கச்சி தங்காள் தேடிட்டு வர்ற எடம், அத வூட்டுல வெச்சுச் சாதகம் பண்ணக் கூடாது, பூசை போட்டு களத்துலதான்னு ஆசான் கறாரா சொல்லிட்டாரு. மாசில அண்ணமார் திருவிழா நடக்கற வீரப்பூருக்குக் கூட்டிட்டுப் போறாராம், மொதல்ல அங்க நின்னு பாருங்க, அப்பறம் பேசலாம்னாரு. வேன் பேசற பொறுப்பு கண்டக்டரண்ணன் தலைல. ஆளுக்கு எவ்வளவுன்னு இன்னும் முடிவாகல, கோழிப்பண்ணைக்காரர் தன்ற பொலேரோலயே வர்றேங்கறாரு, டேங்க் தம்பியும் அதுலயே ஏறிக்கறானாம்.