ஓடுமுங்க

“ஏனுங்க தம்பி, ஓடுமா ஓடாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“ஓடுமுங்கய்யா.”

பேச்சு இவ்வளவுதான். நான் கார் மெக்கானிக், கேட்டவர் வண்டிக்காரர் ஐயா. அப்போது என் கையில் அவர் வண்டியின் காலிபர் பிஸ்டன் இருந்தது, பிரேக் மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் பேடைத் தள்ளுகிற இரும்பு உருளை. ஒன்றரை வருஷம் ஆகப் போகிறது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ராத்திரி ஷட்டரை இறக்கும்போது இந்த இரண்டு வரியும் எங்கிருந்தோ வந்து நிற்கின்றன.

வண்டி 1996-இல் புனேயில் கூட்டிய மெர்சிடிஸ் ஈ220. டபிள்யூ124 என்று நாங்கள் சொல்கிற அந்தப் பெட்டி வடிவம்தான். 1995-இல் மெர்சிடிஸ் நம் நாட்டில் வண்டி கூட்ட ஆரம்பித்தது இந்த மாடலில்தான். ஐயா அதைப் புதிதாக வாங்கியவர், இன்னும் விற்காதவர். வால்பாறையில் பழைய வீடு ஒன்று இருக்கிறது, மாதம் ஒருமுறையாவது போய்வருவார். வேறொரு பட்டறையில் முன்பக்க பிரேக் பேட், அதாவது சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கிற கட்டை, மாற்றியிருந்தார். அன்றிலிருந்து பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று என்னிடம் கொண்டு வந்தார். “நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்டான்” என்றார்.

அவன் கெடுக்கவில்லை. இதை அவரிடமும் சொன்னேன். பேட் தேயத் தேய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கும். வந்த பகுதியை டஸ்ட் பூட் மூடியிருக்கும். அந்த ரப்பர் எங்கேயாவது விட்டிருந்தால் உள்ளே தண்ணீர் போய்த் துருப் பிடிக்கும். தேய்ந்த பேட் இருக்கிறவரை எதுவும் தெரியாது, ஏனென்றால் துருப்பிடித்த பகுதிக்கு வேலையே இல்லை. புது பேட் தடிமன். அதைப் போட பிஸ்டனை உள்ளே தள்ளியாக வேண்டும். அப்போதுதான் துரு போய், ஆயில் கசியாமல் பிஸ்டனைச் சுற்றி நிற்கிற ரப்பர் சீலுக்குள் உட்காரும், பிஸ்டன் சிக்கும். வலது பக்கம் சிக்கிவிட்டால் இடது பக்கம் மட்டும் நன்றாகப் பிடிக்கும், வண்டி இடது பக்கம் போகும். பழி மட்டும் கடைசியாகக் கை வைத்தவன் மேல்.

(இதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. அந்தப் பட்டறைக்காரனுக்காக இவ்வளவு நன்றாக வாதாடியவன் நான்.)

வலது காலிபரைக் கழற்றி, எதிரே மரக்கட்டை வைத்து, காற்று கொடுத்தோம். முதலில் அசையவில்லை. கொஞ்சம் கூட்டியதும் படாரென்று வந்து கட்டையில் மோதியது. பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வெளி விளிம்பை ஒட்டிக் கடுகு அளவில் மூன்று குழி, கூட ஊசி குத்தினது போல நாலைந்து. நகத்தை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நகம் சிக்கினால் தூக்கிப் போடு, சிக்காவிட்டால் போடலாம். இரண்டு குழியில் சிக்கவில்லை. மூன்றாவதில் சிக்கியது போலவும் இருந்தது, சிக்காதது போலவும் இருந்தது. நாலு முறை ஓட்டினேன். நகத்தையே வெட்டிவிட்டு வந்து பார்க்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

சீல் உட்காருகிற பள்ளத்திலும் துரு கட்டியாகச் சேர்ந்திருந்தது. சிக்கினதற்குப் பாதிக் காரணம் அதுதான். அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். பிஸ்டன்தான் கேள்வி. புது பிஸ்டனோ முழு காலிபரோ மும்பையிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். கிட் மட்டும் கைக்குக் கிடைத்தது. சீலும் பூட்டும்தான் அதில் இருக்கும், பிஸ்டன் இருக்காது. அவருக்கு வெள்ளிக்கிழமை மலை ஏற வேண்டும்.

அந்த மூன்றாவது குழி, புது பேட் போட்ட நிலையில், சீல் நிற்கிற இடத்துக்கு ஒரு நூல் வெளியே வரும் என்று கணக்குப் போட்டேன். பேட் தேயத் தேய அது இன்னும் வெளியேதான் போகும், உள்ளே வராது. கணக்கு சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதே குழி மேல்பூச்சைத் தாண்டி இரும்பில் இறங்கியிருந்தது. நைசான வாட்டர் பேப்பரை பிரேக் ஆயிலில் நனைத்துத் தேய்த்தால் பளபளக்கும். பூச்சு திரும்ப வராது. இதுவும் எனக்குத் தெரியும்.

இரண்டையும் அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஓடுமா என்று கேட்டார். பிரேக் வேலையில் கேட்க வேண்டிய கேள்வி நிற்குமா என்பதுதானே! அது இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அந்தக் கேள்வி சௌகரியமாக இருந்தது. நீளமாகப் பேச வேண்டியதில்லை, ஒரே வார்த்தை போதும்.

இரண்டு பக்கமும் கிட் போட்டேன். சீலை ஆயிலில் தோய்த்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினால் பிஸ்டன் நேராக இறங்க வேண்டும். கோணினால் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும், தட்டக் கூடாது. வலது பக்கப் பிஸ்டன் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, பைப்பில் நின்ற ஏரை எடுத்தோம். அவினாசி ரோட்டில் டெஸ்ட் அடித்துப் பார்த்தேன். கையை விட்டுப் பிரேக் பிடித்தாலும் வண்டி நேராக நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எட்டு மாதம் கழித்து, மே மாதக் கடைசியில், பேத்தியோடு வால்பாறையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். நாற்பது கொண்டை ஊசி வளைவு. இருபதுக்குப் பக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. பதினைந்துக்கு வரும்போது தரையைத் தொட்டதாம். அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் காலில்தான் இருக்கும், விடுவிக்கிற பிடி டாஷ்போர்டில். இரண்டாம் கியருக்கு இறக்கி, அந்தப் பிடியை இழுத்துப் பிடித்தபடி இடது காலால் விட்டு விட்டு மிதித்து, ஒன்பதாம் வளைவில் ஆழியாறு அணை தெரிகிற அந்த அகலமான இடத்துக்குக் கொண்டுவந்து ஓரம் கட்டிவிட்டார். பேத்திக்கு எதுவும் தெரியாதாம். “அணையைப் பாரு சாமி” என்று இறக்கிவிட்டிருக்கிறார். முக்கால் மணி நேரத்தில் பெடல் திரும்பி வந்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டு கோவை வந்து, அடுத்த நாள் காலையில் என் பட்டறை வாசலில் நின்றார்.

அவர் கோபப்படவில்லை. “ஓடும்னு சொன்னீங்க. ஓடுச்சு தம்பி” என்றார். கிண்டலா, நிஜமாகவே சொன்னாரா, முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

ஜாக்கி போட்டதும் நான் நேராகப் போனது வலது பக்கத்துக்கு. என் பிஸ்டனிடம். பூட்டை விலக்கிப் பார்த்தேன். காய்ந்து, சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு ஆயில் இல்லை. சக்கரம் கையில் லேசாகச் சுற்றியது. அப்பாடா என்றிருந்தது. அந்தப் பெருமூச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பிரேக் இல்லாமல் மலை இறங்கிய மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு முதலில் வந்தது, ‘நான் இல்லை’.

இடது சக்கரம் இறுகியிருந்தது. பையனைப் பெடலை ஒருமுறை மிதித்து விடச் சொன்னேன், இன்னும் இறுகியது. ஆயில் வருகிற இரும்பு பைப்பும், அதிலிருந்து காலிபருக்குப் போகிற ரப்பர் ஹோஸும் சேருகிற நட்டைத் தளர்த்தினேன். சக்கரம் விடவில்லை. காலிபரில் ஆயிலை வெளியே விடுகிற நிப்பிளைத் திறந்தேன். சீறிக்கொண்டு ஆயில் வந்தது, சக்கரம் உடனே சுற்றியது. அப்படியென்றால் அடைப்பு நடுவில், ஹோஸில். மிதிக்கிற அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடும், காலை எடுத்தால் திரும்பி வராது. இடது பக்க பேட் வளைவுக்கு வளைவு விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. புது டாட் 4 தரக்கணக்குப்படி 230 டிகிரி வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். எப்படியும் கொதித்துவிட்டது. கொதித்தால் உள்ளே ஆவி சேர்ந்து பெடல் பஞ்சாகிவிடும், ஆறினால் திரும்பி வரும். பழைய ஆயிலை நான் எடுக்காமல் விட்டிருந்தால் முப்பதாம் வளைவிலேயே கொதித்திருக்கும் என்றும் ஒரு கணக்கு எனக்கு வந்தது. இந்தக் கணக்கெல்லாம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது!

ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் அறுத்தோம். உள் ரப்பர் உப்பி, துளை ஊசி நுழைகிற அளவுக்குத்தான் இருந்தது. வெளியே ஒரு வெடிப்பு இல்லை. மண்ணைத் துடைத்தேன், தயாரித்த வருஷம் அச்சாகியிருந்தது: 2006. எட்டு மாதத்துக்கு முன்னால் இதே ஹோஸ் என் கையில் இருந்தது. வளைத்துப் பார்த்தேன், வெடிப்பு இல்லை என்று விட்டேன். மண்ணைத் துடைக்கவில்லை. நாலு முறை நகம் ஓட்டியவன் ஒருமுறை துணி ஓட்டவில்லை.

அன்று “ரப்பர் சாமானெல்லாம் பழசுங்கய்யா, ஒரு நாள் மாத்திரலாம்” என்று சொன்னேன் என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லும்போது அவர் தலையாட்டினது கூட நினைவிருக்கிறது. பையனைக் கேட்டால், “சொன்னீங்கண்ணா, ஆனா அவரு போனதுக்கு அப்புறம் எங்கிட்டதான் சொன்னீங்க” என்கிறான். அவனுக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை. எனக்கு இருக்கிறது. சரி, சொல்லியே இருந்தாலும் வெள்ளிக்கிழமை அவசரத்தில் வேண்டாம் என்றிருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை போய் எட்டு மாதம் இருந்ததே! ஒரு போன் போட்டிருக்கலாம்.

“ஹோஸ் போயிருச்சுங்கய்யா. வயசாயிருச்சு” என்றேன்.

“எனக்குந்தான்” என்று சிரித்தார்.

பொய் இல்லை. ஆனால் அன்றைக்கே மாற்றியிருக்க வேண்டியதை நான் விட்டுவிட்டேன் என்பது அந்த வாக்கியத்தில் எங்கும் இல்லை. எல்லா ஹோஸும், ஆயிலும் மாற்றினேன். கூலி வாங்க வேண்டாம் என்று நினைத்தேன். வேண்டாம் என்றால் ஏன் என்பார், ஏன் என்றால் சொல்ல வேண்டும். வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் பழைய வண்டி எது வந்தாலும் ஹோஸைக் கேட்காமலே மாற்றிவிடுகிறேன். பிஸ்டனில் புள்ளி தெரிந்தாலும் தூக்கிப் போடுகிறேன். போன மாதம் ஒருவர், “எல்லாத்தையும் மாத்தறதுக்கு மெக்கானிக் எதுக்குங்க, பார்ட்ஸ் கடை போதுமே” என்றார். கோபம் வந்தது. யோசித்தால், பார்த்துச் சொல்கிற தைரியம் போய்விட்டது என்பதும் உண்மைதான். அந்தப் பழைய பிஸ்டன் விஷயத்தில் நான் சொன்னது சரியாகத்தானே இருந்தது? இன்றைக்கும் அது அந்த வண்டியில்தான் ஓடுகிறது. புது பிஸ்டன் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். மாற்ற வேண்டும் என்றால் அவரிடம் பேச வேண்டும்.

போன வாரம் ஐயாவே கூப்பிட்டார். பொங்கலுக்கு வால்பாறை போகிறார்களாம். “போலாமுங்களா தம்பி?”

“ஒருக்கா வண்டியைக் கொண்டாங்கய்யா, பாத்துக்கலாம்.”

“எதுக்குங்க? அதான் எல்லாம் மாத்தியாச்சே.”

“சும்மாத்தானுங்க” என்றேன்.