வீரிருப்பு ஸ்தூபியும் மதியப் பிரியாணியும்

சங்கரன்கோவில் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு ஆடித்தபசு, புற்றுமண், பூச்சந்தை, பிரியாணி. அங்கே ஒரு புத்த ஸ்தூபியும் இருக்கிறது என்றால் திருநெல்வேலியிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். டவுனை விட்டுக் கொஞ்சம் தள்ளி வீரிருப்பு என்று ஒரு கிராமம். அங்கே புஞ்சைக் காடுகளுக்கு நடுவே வெள்ளைவெளேர் என்று நிற்கிறது உலக அமைதிக் கோபுரம். 2020-இல் திறந்தார்கள். கட்டியவர்கள் நிப்போன்சான் மியோஹோஜி என்ற ஜப்பானியத் துறவிகள் சபையினர்.

காலாண்டு லீவில் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். பெரியவன் பத்தாவது, சின்னவள் ஆறாவது. ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் புத்தர் பாடம் வருகிறது. நான்கு பேருண்மைகள், எண்வழிப் பாதை எல்லாவற்றையும் அவள் வாய்ப்பாடு மாதிரி மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ‘அப்படின்னா என்னட்டீ?’ என்று நடுவில் கேட்டால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பாள். சரி, கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் ஏறி, மானூர், தேவர்குளம், பனவடலிசத்திரம் வழியாகப் பயணம். வழியில் காற்றாலைகளைத் தவிர வேடிக்கை பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால் பேச்சு வளர்ந்தது.

“அத்தை, புத்தர் சாமியா, மனுசனா?” சின்னவள்தான் கேட்டாள்.

மனுஷன்தான். லும்பினியில் பிறந்தார், 29 வயதில் வீட்டை விட்டுப் போனார், 35-இல் ஞானம் பெற்றார், 80-இல் குசிநகரத்தில் இறந்தார். இவ்வளவும் அவள் பாடத்திலேயே இருக்கிறது. அதில் ஒரு வரியாகக் கடந்துபோகும் அந்த இடைப்பட்ட ஆறு வருஷத்தைத்தான் நான் விரித்துச் சொன்னேன். அரண்மனையில் அத்தனை சுகத்தையும் பார்த்தவர், அதற்கு நேர்மாறாகப் பட்டினி கிடந்து உடம்பை வருத்திப் பார்த்தார். எலும்பும் தோலும் ஆனதுதான் மிச்சம். இதுவும் வழியில்லை என்று தெரிந்ததும் சுஜாதை கொடுத்த பாற்சோற்றை வாங்கிச் சாப்பிட்டார். கூடவே தவம் செய்த ஐந்து பேரும், ‘இவன் சோற்றுக்கு மசிந்துவிட்டான்’ என்று விட்டுப் போய்விட்டார்கள். பிற்பாடு சாரநாத்தில் அவர் முதல் உபதேசம் செய்தது யாருக்கு? அதே ஐந்து பேருக்கு. சுகத்தில் மூழ்குவதும் வேண்டாம், உடம்பை வதைப்பதும் வேண்டாம், நடுவழியில் போ என்று அவர் சொன்னதைப் பட்டினியும் கிடந்து பார்த்த ஆள் சொன்ன பேச்சாகக் கேட்க வேண்டும். பாடப் புத்தகத்தில் அந்தச் சோறு விட்டுப்போனதில் எனக்கு வருத்தம்தான்.

சங்கரன்கோவிலில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். தூரத்திலேயே வெள்ளை வளைவு தெரிந்துவிடும். பெரியவன் கோயில் கோபுரத்தை எதிர்பார்த்து வந்திருப்பான் போல. ‘வாசல் எங்க இருக்கு?’ என்று தேடினான். ஸ்தூபி சுற்றி வருவதற்கானது. புத்தரின் உடல் எரிந்து மீந்த எலும்புகளை எட்டுப் பங்காக்கி, எட்டு இடங்களில் மேடு எழுப்பினார்கள் என்பது மரபு. அந்த மேடுகளின் வழிவந்ததுதான் இந்த வடிவம்.

இந்தச் சபையைத் தொடங்கியவர் நிச்சிதாத்சு ஃபூஜி. 1933-இல் வார்தாவில் காந்தியைச் சந்தித்தவர். இவர்கள் ஓதும் ஜப்பானியப் பிரார்த்தனை காந்தியின் ஆசிரம வழிபாட்டிலும் இடம்பிடித்தது. ஹிரோஷிமாவுக்குப் பிறகு அமைதிக் கோபுரங்கள் கட்டுவதையே இவர்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். 1954-இல் குமமோட்டோவில் ஒன்று, 1969-இல் ராஜகிருகத்தில், 1972-இல் தௌலியில் என்று போய், கடைசியில் நம் புஞ்சைக் காட்டுக்கும் வந்துவிட்டது. கைப்பிடி வைத்த தட்டையான பறையை ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே ‘நா மு மியோ ஹோ ரெங்கே கியோ’ என்று ஓதுவார்கள். தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலுக்கு வணக்கம் என்பது அதன் சாரம். நாங்கள் போனபோது அந்தச் சத்தம் கேட்டது. ஒரே தாளம், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. ரெண்டு நிமிஷத்தில் பெரியவன் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டான்.

சுற்றி வந்துவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். அங்கேதான் ராகுலன் கதையைச் சொன்னேன். ராகுலன் புத்தரின் சொந்த மகன். ஏழு வயதில் துறவிகள் சங்கத்தில் சேர்ந்தவன் என்பார்கள். ஒருநாள் மகன் இருக்கும் இடத்துக்கு அப்பா வருகிறார். மகன் கால் கழுவத் தண்ணீர் வைக்கிறான். கழுவிவிட்டுப் பாத்திரத்தில் கொஞ்சூண்டு தண்ணீரை மிச்சம் வைக்கிறார் புத்தர். நான் கையில் இருந்த எவர்சில்வர் தம்ளரில் அதைச் செய்தே காட்டினேன். ‘இதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, பார்த்தாயா? தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் நல்லது இவ்வளவுதான் இருக்கும்.’ அப்புறம் அதையும் கீழே ஊற்றுகிறார். ‘இப்படித்தான் அவன் நல்லதை வீசிவிடுகிறான்.’ பாத்திரத்தைக் கவிழ்க்கிறார். திருப்பி நிமிர்த்தி வெறும் பாத்திரத்தைக் காட்டுகிறார். திட்டு இல்லை, அடி இல்லை. சின்னவள் தம்ளரை வாங்கிக் கவிழ்த்து, நிமிர்த்தி, உள்ளே எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் உதறினாள்.

அதற்கு அடுத்து வருவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். ‘கண்ணாடி எதற்கு?’ என்று கேட்கிறார் அப்பா. ‘பார்த்துக்கொள்வதற்கு’ என்கிறான் மகன். அதுபோல ஒன்றைச் செய்யும் முன்னாடி பார், செய்யும்போது பார், செய்த பிறகும் பார். இது எனக்கோ அடுத்தவனுக்கோ துன்பம் தருமா என்று கேட்டுக்கொள் என்கிறார். தருமென்றால் செய்யாதே, பாதியில் தெரிந்தால் நிறுத்து, செய்து முடித்த பிறகு தெரிந்தால் மூத்தவர்களிடம் போய்ச் சொல். இந்த உபதேசத்தை அசோகர் தன் பைராட் கல்வெட்டில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, துறவிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டியவற்றில் சேர்த்திருக்கிறார். அதே அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் நம் பாண்டியர் பெயரும் வருகிறது. மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியம் செய்ய ஏற்பாடு செய்த நாடுகளின் வரிசையில்!

பெரியவனுக்கு வேறு சந்தேகம். பத்தாவது அல்லவா, பரீட்சை பயம். “ஆசையே துன்பத்துக்குக் காரணம்னு எழுதச் சொல்லுதாங்க. அப்பம் நல்ல மார்க் வாங்கணும்னு ஆசைப்படுறதும் தப்பா அத்தை? படிக்காம இருந்துரலாம்லா?”

இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டால் பெஞ்சு மேல்தான் நிற்க வேண்டும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. அவனுக்கு மணிமேகலையில் இருந்து நாலு வரி சொன்னேன்.

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பே ரின்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

நான்கு பேருண்மையும் இந்த நாலு வரியில் அடக்கம். துன்பம் இருக்கிறது, அது இல்லாத நிலையும் இருக்கிறது, துன்பம் வருவது பற்றினால், பற்றை அறுத்தால் மற்றது கிடைக்கும். அப்படி அறுக்க நடக்க வேண்டிய வழிதான் எட்டு அங்கங்கள் கொண்ட பாதை. அந்த எட்டில் ஒன்று நல்முயற்சி. முயற்சி செய்யாதே என்று நினைத்தவர் அதை எதற்கு அதில் சேர்க்கப் போகிறார்? உட்கார்ந்து படிப்பது முயற்சி. பக்கத்து வீட்டுப் பையனைவிட ஒரு மார்க்காவது கூட வாங்காவிட்டால் தூக்கம் வராது என்பது பற்று. ‘போன டெஸ்ட்ல உனக்கு எது தூக்கத்தைக் கெடுத்துச்சு?’ என்று கேட்டேன். பதில் சொல்லாமல் செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தான்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் புத்தர் போதனையை நாலு, எட்டு, அஞ்சு என்று எண்ணிக்கையாகக் கொடுப்பதைவிட, அதற்கு அடியில் ஓடும் ஒரே சங்கதியைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். எதுவும் சும்மா வருவதில்லை. காரணம் இருந்தால் வரும், காரணம் போனால் அதுவும் போகும். மணிமேகலையே பேதைமை, செய்கை, உணர்வு என்று தொடங்கி, வேட்கை, பற்று வழியாகத் தோற்றம், வினைப்பயன் வரை பன்னிரண்டு கண்ணிகளை இப்படித்தான் கோத்துச் சொல்கிறது. ஒன்றைப் பிடித்து அடுத்தது. எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும், மாறாத ‘நான்’ என்று ஒன்று உள்ளே கிடையாது என்பதெல்லாம் இதில் இருந்து கிளைப்பவை. ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பின்பாதி வேண்டாம். கண்ணிகள் போதும். கோபம் வந்தது எதனால், அதற்கு முன்னாடி என்ன நடந்தது, அதற்கும் முன்னாடி? இதை அவள் அண்ணனோடு போட்ட சண்டையை வைத்தே பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். கடைசியில் ஒரு சார்ஜர் ஒயரில் போய் நின்றது.

ஐந்து சீலம் அவளுக்கு எளிதாக இருந்தது. கொல்லாதே, திருடாதே, தகாத காமம் வேண்டாம், பொய் பேசாதே, கள் குடிக்காதே. கடைசியைச் சொன்னதும் அவளுக்குத் தெரிந்த உறவுக்காரர்கள் பெயரை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். வாயைப் பொத்தினேன்.

மதியம் டவுனுக்குத் திரும்பியதும் வந்தது அடுத்த வழக்கு. சங்கரன்கோவில் வரைக்கும் வந்துவிட்டு மட்டன் பிரியாணி சாப்பிடாமல் போவதா என்று பெரியவன். புத்தரைப் பார்த்துவிட்டு வந்து மட்டனா என்று சின்னவள். இதற்குப் பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்களில் ஒரு பதில் இருக்கிறது. தனக்காகக் கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, அப்படிச் சந்தேகமும் இல்லை என்றால், பிச்சையில் விழுந்த இறைச்சியைத் துறவி சாப்பிடலாம் என்று ஜீவகன் என்ற வைத்தியரிடம் புத்தர் சொல்கிறார். ஆனால் இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வியாபாரங்களில் இறைச்சி வியாபாரத்தையும் சேர்த்திருக்கிறார். மற்றவை ஆயுதம், உயிர்கள், போதைப்பொருள், விஷம். சீனம், ஜப்பான் பக்கத்து மகாயான மரபுகளில் இறைச்சியை அறவே விலக்கச் சொல்லும் சூத்திரங்களும் உண்டு. இவ்வளவையும் கேட்டுவிட்டு, “நமக்காக வெட்டலலா, அப்பம் சாப்பிடலாம்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். அவள் முட்டைச் சோறு வாங்கிக்கொண்டாள். நான் என்ன சாப்பிட்டேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காலையிலேயே போய்விடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சுற்ற வேண்டும், வெயில் ஏறினால் தரை சுடும். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

மறுநாள் பாபநாசம். ஸ்தூபியோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் யோசனை. பாபநாசத்தில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை. பாதி நாள் மேகம் மூடியே கிடக்கும். தமிழை அகத்தியர் சிவனிடம் இருந்து பெற்றார் என்றுதான் நாம் கேட்டு வளர்ந்தோம். பதினொன்றாம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற இலக்கண நூலை எழுதிய புத்தமித்திரர், அகத்தியர் அவலோகிதரிடம் கேட்டதுதான் தமிழ் என்கிறார். அவலோகிதர் என்பவர் பௌத்தர்களின் கருணை வடிவமான போதிசத்துவர், அவலோகிதேஸ்வரர். ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், தெற்கே மலய மலைக்குக் கிழக்கில் பொதலகம் என்று ஒரு மலை, அங்கே அவலோகிதேஸ்வரர் இருக்கிறார் என்று எழுதி வைத்தார். திபெத்தில் லாசாவில் இருக்கும், தலாய் லாமாக்கள் முன்பு வாழ்ந்த பொதாலா அரண்மனைக்கும் அந்த மலையின் பெயர்தான். அந்தப் பொதலகம் நம் பொதிகைதான் என்று ஜப்பானிய ஆய்வாளர் சு ஹிகோசாகா வாதிட்டிருக்கிறார்.

“அப்பம் தலாய் லாமா வீடு நம்ம மலை பேர்ல இருக்கா!” பெரியவன் துள்ளினான். உடனே போனை எடுத்து நண்பர்களுக்கு அனுப்பப் போனான்.

கொஞ்சம் பொறு என்றேன். கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்கள் புத்தரிடம் முறையிடுகிறார்கள். வருகிற சாமியார் எல்லாம் தன் பேச்சே உண்மை, அடுத்தவன் பேச்சு பொய் என்கிறார், யாரை நம்புவது? அவர் சொன்ன பதில்: காதில் விழுந்ததாலோ, பரம்பரையாகச் சொல்வதாலோ, நூலில் இருப்பதாலோ, சொல்பவர் நம் குரு என்பதாலோ ஒப்புக்கொள்ளாதீர்கள், இது கேடு தரும் என்று நீங்களே அறிந்தால் விடுங்கள், நன்மை தரும் என்று அறிந்தால் ஏற்று நடங்கள். பொதலகம் விஷயத்தில் அறிஞர்கள் எல்லாரும் ஒரே கட்சி இல்லை. எனக்கு ஹிகோசாகா பக்கம் ஒரு சாய்வு உண்டு. நான் பொதிகையில் பிறக்கும் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவள், சாயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ‘அப்படி ஒரு கருத்து இருக்கு’ என்று போட்டு அனுப்பு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அந்த ஒரு வரியைச் சேர்த்தான்.

அகத்தியர் அருவிக்குப் போக வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். புலிகள் காப்பகம் என்பதால் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. வெள்ளம் வந்தால் அருவிக்கு விட மாட்டார்கள், அதனால் ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் அம்பாசமுத்திரத்திலேயே விசாரித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.