மெல்லோவில் தோற்ற பாட்டுகள்

சுவீடனில் பிப்ரவரி பிறந்துவிட்டால் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் யாருக்கும் போன் போடாமல் இருப்பது நல்லது. பாதி ஊர் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்கு எந்தப் பாட்டை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் மெலோடிஃபெஸ்டிவாலென் போட்டி. செல்லமாக மெல்லோ.

நாங்கள் லின்ஷோப்பிங்குக்கு வந்தது 2017 குளிரில். அப்போதைய கணக்கு இது: மொத்தம் 28 பாட்டுகள், வாரம் ஓர் ஊராக நான்கு ஊர்கள், ஊருக்கு ஏழு பாட்டு. முதல் இரண்டும் நேராக ஃபைனலுக்கு. அடுத்த இரண்டுக்கும் 'இரண்டாம் வாய்ப்பு' என்று தனிச் சுற்று. கடைசி மூன்றும் அன்றோடு சரி.

அந்த வருடம் இரண்டாம் வாய்ப்பு எங்கள் ஊரில்தான் நடந்தது. 2012இல் யூரோவிஷனையே வென்ற லொரீன், ஆன்டன் ஹாக்மன் என்ற சின்னப் பையனிடம் தோற்றார். திங்கட்கிழமை அலுவலகம் இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே! 2019 அரையிறுதியில் தோனி ரன் அவுட் ஆன மறுநாள் நம் ஊர் எப்படி இருந்ததோ, அப்படி. காபி நேரத்தில் வாயே திறக்காத சக ஊழியர்கள் என்னிடமே வந்து நியாயம் கேட்டார்கள். அதுவரை அவர்களோடு பேச எனக்குப் பனியை விட்டால் வேறு விஷயமே கிடையாது.

அதற்கப்புறம் தோற்ற பாட்டுகளைத் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். மொழி வகுப்புக்கு அது நல்ல துணை. ஜெயிப்பவை பெரும்பாலும் பளபளப்பான ஆங்கிலப் பாட்டுகள். எந்த நாட்டு ரேடியோவிலும் ஒலிக்கலாம். உள்ளூர் வாசனை அடிப்பதெல்லாம் முதல் சுற்றிலேயே போய்விடும். 2018இல் கார்ல்ஸ்டாட் சுற்றில் எட்வர்ட் புளோம் பாடினார். பாடகர் இல்லை, சாப்பாட்டு வரலாறு பேசும் டிவி பிரபலம். தின்பதையும் குடிப்பதையும் கொண்டாடும் கூத்துப் பாட்டு. அவுட். அதே இரவில் கிக்கி டேனியல்சனும் அவுட். 1985 யூரோவிஷனில் மூன்றாம் இடம் பிடித்தவர்! இதில் வெளிநாட்டு நடுவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் ஃபைனலில்தான் வருவார்கள். முதல் சுற்றில் கழித்துக்கட்டுவது சுவீடன்காரர்களேதான்.

2019இலிருந்து செயலியில் வயதுவாரியாக ஓட்டு. மூன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் போடும் ஓட்டுக்கும் தாத்தா பாட்டிகள் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. எங்கள் மகள் ஒரு பாட்டு விடாமல் இதயம் இதயமாக அழுத்தித் தள்ளினாள்.

எனக்கு மனசு ஆறாதது டோட்டர் என்ற பாடகி விஷயத்தில்தான். 2018இல் 'க்ரை' பாடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். 2020இல் 'புல்லட்ப்ரூஃப்' பாட்டோடு திரும்பி வந்து, ஃபைனலில் ஒரே ஒரு புள்ளியில் த மாமாஸ் குழுவிடம் விட்டார். அந்த வருடம் கொரோனாவால் யூரோவிஷனே நடக்கவில்லை என்பது வேறு கதை. 'க்ரை' இன்றைக்கும் என் காலை பஸ் பட்டியலில் இருக்கிறது.

2025இல் பின்லாந்திலிருந்து வந்த காய் குழு சவுனா என்ற நீராவிக் குளியலைப் பற்றிய பாட்டைப் பாடி ஜெயித்தது. 1998க்குப் பிறகு சுவீடன் யூரோவிஷனுக்கு அனுப்பிய முதல் ஸ்வீடிஷ் மொழிப் பாட்டு. வீட்டில் ஒரே ஆட்டம். எனக்கும் பிடித்ததுதான். ஆனால் என் பட்டியலில் சேர்க்கவில்லை, ஜெயித்த பாட்டாயிற்றே.