அமிகாவுக்கு ஐந்து வோல்ட்

ஞாயிறு முழுக்கக் கிருஷ்ணகிரி பழையபேட்டை வீட்டு மாடியில் மல்டிமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மாமா விட்டுப்போன அமிகா 1200, 1992-இல் வந்த கம்ப்யூட்டர், இப்போது டவர் கேபினட்டுக்குள் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ் எல்லாம் சேர்த்தால் பழைய அடாப்டர் தாங்காது. அதனால் ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ், அதாவது சாதாரண பிசி கேபினட்டில் இருக்கும் பவர் சப்ளை.

போர்டுக்கு +5, +12, −12 வோல்ட் மூன்றும் வேண்டும். ஏடிஎக்ஸில் அவை முறையே சிவப்பு, மஞ்சள், நீல ஒயர்கள்; கறுப்பு கிரவுண்டு, அதாவது கரண்ட் திரும்பும் பொது ஒயர். பச்சை ஒயர் கறுப்போடு சேர்ந்தே இருந்தால்தான் சப்ளை ஓடும். கேபினட் பொத்தான் கையை எடுத்தால் விட்டுவிடும் என்பதால், அழுத்தினால் அழுந்தியபடியே நிற்கும் சுவிட்ச் ஒன்று போட்டேன். நீலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சவுண்டும் சீரியல் போர்ட்டும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

சரி, திரை வந்தது. ஆனால் டிஸ்க் சுழலத் தொடங்கியதும் தானாக ரீசெட். சப்ளை முனையில் அளந்தால் 5.05, போர்டில் 4.71! நான் இழுத்திருந்த மெல்லிய ஒயரிலேயே 0.34 வோல்ட் போயிருக்கிறது. அமிகா பெரும்பாலும் ஐந்து வோல்ட்டிலேயே வாழ்கிற பிராணி, கரண்டும் அந்த வழியாகத்தான் அதிகம் ஓடும். தடித்த ஒயராக இரண்டு சிவப்பு, இரண்டு கறுப்பு, ஒரு முழத்துக்குள் வெட்டிப் பற்றவைத்தேன். 4.97.

அம்மா காபியோடு மேலே வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, "மாமா இருந்திருந்தா இங்கயே உக்காந்திருப்பான்டா" என்றார்.