மாமாவின் தட்டும் புதுத் தட்டும்

பிங்க் புளோய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் 'த டார்க் சைட் ஒஃப் த மூன்' இசைத்தட்டு வந்தது 1973 மார்ச்சில். அதன் ஐம்பதாம் ஆண்டு வைனில் மறுபதிப்பை, லண்டனில் இருந்து வந்த மச்சாள் சாறிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து தந்தா. நேற்று மட்டக்களப்பு கல்லடியில் மாமா வீட்டில் பிரித்தோம்.

மாமாவிடம் இதே இசைத்தட்டின் பழைய பிரதி ஒன்று உண்டு. 1978 நவம்பர் சூறாவளியில் கூரை ஓடு பறந்து, அலுமாரிக்குள் தண்ணீர் புகுந்து, உறை ஊறி உப்பிப்போனது. உறைப் படத்தில் உள்ள அந்த முக்கோணக் கண்ணாடியும் வானவில்லும் இப்போது பாசி பிடித்த நிறம். தட்டு பிழைத்தது. ஆனால் இரண்டாம் பக்கம் தொடங்கி, காசு கொட்டும் சத்தம் வரும் இடத்தில் ஊசி துள்ளும். தாளத்தில் சுற்றுக்கு ஏழு அடியாகப் போகிற 'மணி' (பணம்) பாட்டு, எங்கள் வீட்டில் மட்டும் ஆறரை அடி!

புதுத் தட்டில் முதலில் அந்த இதயத்துடிப்பு மெல்ல வரும். பௌர்ணமி இரவில் வாவியில் துடுப்பைக் காதில் வைத்து, தண்ணீருக்குள் மீன்கள் பாடுவதாகச் சொல்லும் மீன்பாட்டைக் கேட்பது போல, மாமா ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டார். பாடகி கிளேர் டோரி சொல்லே இல்லாமல் குரலால் மட்டும் கதறும் இடத்தில் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.

பழைய சரக்கைத் திரும்பத் திரும்ப விற்கிறார்கள், அதுவும் பணத்தைக் கிண்டலடிக்கும் பாட்டை வைத்துக்கொண்டு. சரி, நாங்களும் வாங்குகிறோமே.

தட்டு முடிந்ததும் மாமா கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு மனே. அந்தப் பழையத எங்க வச்ச?"