நெசவு வரைபடத்துக்குள் ஒளிந்திருந்த ஆறு இலக்கங்கள்

நாட்டுப்புறக் கைவினை மையத்தை மையமாக வைத்து அமைக்கப்பட்டிருந்த புதிர் ஜியோகேச் (புதிரை விடுவித்து, கிடைக்கும் ஜிபிஎஸ் எண்களைக் கொண்டு தேட வேண்டிய ஒளித்துவைத்த பெட்டி) ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. பெட்டி கையில் கிடைத்துவிட்டது, பூட்டுதான் இன்னும் மசியவில்லை. தேடிக்கொண்டிருப்பவர்களின் சுவாரசியத்தைக் கெடுக்கக் கூடாது என்பதால் பெட்டியின் பெயரையும் இலக்கங்களையும் இங்கே தரவில்லை.

விவரக் குறிப்பில் இருந்த ஜிபிஎஸ் எண்கள் வழக்கம்போல மையத்தின் வாசலைத்தான் காட்டின. உண்மையான இடம் அங்கிருந்து 3.2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் நிமிடத்தின் தசமப் புள்ளிக்குப் பின்வரும் மும்மூன்று இலக்கங்கள் தேவை. அதற்கு ஆதாரமாகக் கொடுக்கப்பட்டிருந்ததோ ஒரேயொரு நெசவு வரைபடம்.

அதில் 12 பாவு நூல்கள் (தறியில் நீளவாக்கில் ஓடுபவை), அவற்றைத் தூக்கி இறக்கும் 4 விழுதுச் சட்டங்கள். ஒவ்வொரு நூலும் எந்தச் சட்டத்தில் கோக்கப்படும் என்பதைக் காட்டுவதே வரைபடம். சாய்கோட்டு நெசவென்றால் நூல்கள் 1, 2, 3, 4 என்று ஒழுங்காக ஏறிப் போகும். இதிலோ எந்த அடுக்கும் திரும்ப வராமல் எண்கள் தாறுமாறாகத் தாவியதால், இது துணிக்கான வரைபடமன்று, இலக்கங்களுக்கான உறை என்பது உறுதியாயிற்று. நான்கே குறிகள் என்றால் நான்கடிமான எண்முறைதான். ஒவ்வொரு குறியிலும் ஒன்றைக் கழித்து, இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஆறு இலக்கங்கள் வந்துவிட வேண்டும். ஆனால் இடமிருந்து படித்தபோது ஒரு சோடி 4, 2 என்று அமைந்து (கழித்தபின் 3, 1; அதாவது 3 × 4 + 1) 13ஐத் தந்தது. ஒற்றை இலக்கத்தில் 13க்கு ஏது இடம்?

விடை மையத்தின் தறியருகே கிடைத்தது. புதிய பாவைக் கோத்துக்கொண்டிருந்த நெசவாளர், தறியில் குத்திவைத்திருந்த வரைபடத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு, வலது கோடி நூலிலிருந்தே ஒவ்வொன்றாக விழுதின் கண்ணுக்குள் இழுத்தார். அதே 4, 2ஐ வலமிருந்து படித்தால் 2, 4. அதாவது ஒழுங்கான 7. மற்ற சோடிகளும் ஒன்பதைத் தாண்டவில்லை, விடை சரியா என்று சொல்லும் இணையச் சரிபார்ப்பானும் பச்சை காட்டியது. அட்சரேகையில் கடைசி இலக்கம் ஒன்று பிசகினாலும் 1.85 மீட்டர்தான் விலகும்; முதல் இலக்கம் பிசகினால் 185 மீட்டர் என்பதால் திசை தெரியாமல் புறப்படுவது வீண் அலைச்சல்.

இந்த முறையைப் பார்த்ததிலிருந்து, கூடை முடைதலில் குச்சிக்கு மேலும் கீழுமாகப் போகும் இழையை ஒன்று, சுழியமாகக் கொண்டு இரட்டையடிமானப் புதிர் ஒன்றை நானும் அமைக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. அதற்கு நீர்புகாத் தாளில்தான், கண்டெடுத்தவர்கள் பெயரெழுதும் பதிவுச் சுருளை வைப்பேன். சாதாரணத் தாள் மழைக்காலம் தாண்டுவதற்குள் கூழாகிவிடும் என்பது பெட்டி வைக்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் வைக்கிறார்கள்.

இப்போதைய தலைவலி மூன்று சக்கரப் பூட்டு. அதற்குரிய எண், வரைபடத்தின் மிதிக்கட்டை வரிசையில் (சட்டங்களைக் காலால் இயக்கும் கட்டைகளை மிதிக்க வேண்டிய ஒழுங்கில்) இருக்கிறது என்பது என் ஊகம். இலக்கத்துக்கு இரண்டு வரி என்றால் மூன்று இலக்கத்துக்கு ஆறு வரிகள் போதும். அங்கே இருப்பதோ ஏழு. 000 முதல் 999 வரை சுற்றிப் பார்த்துத் திறப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் வரியில் மட்டும் இரண்டு மிதிகள் சேர்த்துக் குறிக்கப்பட்டிருப்பதால், அதைத் தொடக்க ஓட்டமாக ஒதுக்கிவிட்டு, எஞ்சிய ஆறை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்க்கப் போகிறேன்.