திருப்புளியைத் தீட்டாமல் தேர்வுக்குப் போகாதீர்கள்

கைக்கடிகாரப் பழுதுநீக்கும் பயிற்சியின் செய்முறைத் தேர்வு முடிவு சென்ற வாரம் வந்தது. இரண்டாம் முயற்சியில் தேறியிருக்கிறேன். முதல் முயற்சியில் ஆண்கள் கடிகாரத்தைக் கழற்றிக் கழுவி எண்ணெயிட்டு ஓடவைத்த நான், அடுத்து வந்த பெண்கள் கடிகாரத்தில் பதினைந்தே நிமிடங்களில் தோற்றேன். தேர்வில் தரும் கடிகாரத்தைக் கழற்றிக் கழுவி எண்ணெயிட்டு ஓடவைக்க வேண்டும். இங்கே என் ஓர் ஆண்டை விழுங்கிய சிறிய கடிகாரத்தையும் அதற்குரிய கருவிகளையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் பழகியவை பெரும்பாலும் பழைய எச்.எம்.டி. ஜனதா என்னும் ஆண்கள் கடிகாரங்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் அவை எளிதாகக் கிடைத்தன. உதிரிபாகத்துக்கும் பெரிய அலைச்சல் இல்லை. அந்தப் பழக்கமே எனக்குப் பகையானது. கடிகாரத்தின் உள்ளே ஓடும் பொறியான மெஷினை அளக்கும் லிக்னே என்னும் பழைய பிரெஞ்சு அளவில் ஒன்று என்பது ஏறத்தாழ 2.256 மில்லிமீட்டர். ஆண்கள் கடிகாரங்களில் பரவலான 11½ லிக்னே மெஷின் 26 மில்லிமீட்டர் அகலம் என்றால், பெண்களின் 5½ லிக்னே மெஷின் பன்னிரண்டரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது. பரப்பில் அது கால் பங்குக்கும் குறைவு. சக்கர வரிசையோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு திருகும் அந்த அளவுக்குச் சிறுத்திருக்கும் என்பதை நான் கணக்கில் அறிந்திருந்தேனே தவிர, கையில் அறிந்திருக்கவில்லை.

அன்று நடந்தது இதுதான். முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் தகடு ‘பேலன்ஸ் காக்’. அதைப் பிடித்திருக்கும் திருகில் என் 0.8 மில்லிமீட்டர் திருப்புளியை வைத்தேன். அகலம் சரியாகவே இருந்தது. ஆனால் முனையின் தடிமன் கூடுதலாக இருந்ததால், அது திருகின் வெட்டுக்குள் இறங்காமல் விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. அழுத்தித் திருப்பியபோது வழுக்கிப் பாய்ந்து பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் வெளிச்சுற்றை நசுக்கிவிட்டது. தேர்வாளர் ஒன்றும் சொல்லவில்லை, குறித்துக்கொண்டார்.

மறுநாள் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவரிடம் போய், திருப்புளித் தொகுப்பு மட்டமானது என்று குறைபட்டேன். அவர் அதைக் கையில் வாங்கி கண்ணில் பொருத்தும் உருப்பெருக்கியான ஐகிளாஸில் பார்த்துவிட்டு, “புதுசா வாங்கிட்டிய சரி, தீட்டுனியளா தம்பி?” என்று கேட்டார். இரண்டு ஆண்டுகள் அவர் அருகில் அமர்ந்திருந்தும், அவர் காலையில் கடை திறந்தவுடன் கல்லில் எதையோ தேய்ப்பதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தீட்டுவதை எனக்குப் பழக்கியவர் எங்கள் தெருவில் நகைவேலை செய்யும் பத்தர். எண்ணெய்க்கல்லில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, முனையின் இரு பக்கங்களையும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் முனை நடுவை விட்டு விலகிவிடும். கடைசியில் நுனியை நிமிர்த்திப் பிடித்து ஒருமுறை இழுத்துத் தட்டையாக்க வேண்டும். கத்திபோலக் கூராக்குவது அடுத்த தவறு, ஏனென்றால் அந்த முனை வெட்டின் அடியில் போய் முட்டி அங்கேயே சிதையும். முனை வெட்டை ஆடாமல் நிரப்ப வேண்டும், அகலம் திருகின் தலையைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். பழைய மெஷின்களிலிருந்து எடுத்த திருகுகளில் இதைத் தினமும் சோதித்துப் பார்த்தேன். மதிப்பெண்ணில் பாதி இதில்தான் இருக்கிறது என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஹேர்ஸ்பிரிங் நசுங்கியதில்லை.

மற்றக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக:

0.6, 0.8, 1.0 ஆகிய மூன்று திருப்புளிகளை நல்லதாக வாங்குங்கள். ஒன்பது கொண்ட தொகுப்பு வேண்டாம்.

வேலைக்கு 4 மடங்கு ஐகிளாஸ் போதும். 10 மடங்குக் கண்ணாடியில் பொருள் கண்ணுக்கு இரண்டரை சென்டிமீட்டரில் நிற்க வேண்டியிருப்பதால் திருப்புளிக்கு இடமிருக்காது. அதைச் சக்கர அச்சுகளின் நுனியான பிவட்டையும் அதைத் தாங்கும் கற்களையும் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சாமணத்தில் (சிறு இடுக்கியில்) 3ஆம் எண் ஒன்று, காந்தமேறாத பித்தளைச் சாமணம் ஒன்று. 5ஆம் எண்ணின் மெல்லிய நுனியைக் கையில் நிதானம் வந்த பிறகு வாங்கலாம்.

சக்கரங்களைப் பல் பல்லாக நகரவிடும் பேலட் ஃபோர்க் என்ற கவையைத் தொடும் முன், கடிகாரத்தை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்கிவிட வேண்டும். இது கருவியன்று, ஆனாலும் இதை மறந்தவர்கள் என் வகுப்பிலேயே மூவர்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிச்சத்துக்காக எங்கள் வீட்டு வளவில் (நடுமுற்றத்தில்), கணக்கெழுதும் தாழ்வான மேசையில் அமர்ந்து பழகினேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் பூவேலைப்பாட்டில் விழுந்த திருகைக் கண்டுபிடித்தவர் எவரும் இல்லை. நான் ஏழு திருகுகளை இழந்த பிறகே வெள்ளை வேட்டியை விரிக்கத் தொடங்கினேன். மேசையும் தவறுதான். மெஷின் மார்பு உயரத்தில் இருந்து, முழங்கை ஊன்றியிருந்தால்தான் விரல் நடுங்காது. சித்திரை வெயிலில் மின்விசிறியைப் போடவும் முடியாது, வியர்த்த விரலால் இரும்பைத் தொடவும் முடியாது. ஆகவே நான் காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடித்துக்கொண்டேன். இரவில் விளக்கடியில் நன்றாக வேலை செய்பவர்கள் உண்டு என்கிறார்கள்; எனக்கு இரவில் பொறுமை இருப்பதில்லை.

இரண்டாம் முறையும் சிறிய கடிகாரமே வந்தது. கல்லைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். முதல் திருகைத் தொடும் முன் தேர்வாளரிடம் கேட்டுக்கொண்டு ஐந்து நிமிடங்கள் தீட்டினேன். நேரம் வீணாகிறது என்று பக்கத்து மேசைக்காரர் நினைத்திருக்கலாம். பேலன்ஸ் காக் ஒரே திருப்பில் தளர்ந்தது.

வீடு திரும்பியதும், ஐயா ரங்கூனிலிருந்து வாங்கிவந்த அப்பத்தாவின் கடிகாரத்தைத் திறந்தேன். கழுவி எண்ணெயிட்ட பிறகு ஓடுகிறது, ஆனால் படுக்கவைத்தால் ஒரு கதியிலும் நிமிர்த்தினால் வேறு கதியிலும் ஓடுகிறது. பேலன்ஸின் பிவட் தேய்ந்திருக்கிறது. பேலன்ஸ் ஸ்டாஃப் என்னும் அதன் அச்சைப் புதிதாகக் கடைந்து பொருத்த லேத் (கடைசல் இயந்திரம்) வேண்டும். அதைக் கற்பிக்க ஒப்புக்கொண்டவர் தீபாவளி கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.